மருத்துவ விடுப்பில் ஏழு பேர்

மகள் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போன பிறகு நான் ரக்பி கற்றுக்கொண்டேன். அந்த நாட்டு அணிக்குப் பன்னாட்டு ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில், ஆட்டம் தொடங்குமுன், நமக்கு நண்பகல் வாக்கில் போன் செய்வாள். எழுதி வைத்த முன்னோட்டத்தைப் படிப்பேன். தாலுகா அலுவலகத்தில் பழகிய கை. அலுவலகக் குறிப்பாகத்தான் வரும். பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு. கடைசியில் "ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மனைவிதான் ஆணையிடுவாள். எப்போதும் தோற்கப்போகிறவர்களுக்குச் சாதகமாகவே.

அன்றைய குறிப்பு எளிதாக வந்தது. வந்திருந்த வேல்ஸ் அணியில் ஏழு பேருக்குக் காயம். முன்வரிசையில் முட்டித் தள்ளும் மூவரில் இருவருக்கு முழங்கால். பந்தை உதைப்பவனுக்குத் தோள்.

"மேற்படி எழுவரும் மருத்துவ விடுப்பில் உள்ளதால் இளையோருக்கு முழுக் கூடுதல் பொறுப்பு அளிக்கப்பட்டுள்ளது. பொறுப்பு அலுவலர் கையெழுத்துப் போடுவார், முடிவெடுக்க மாட்டார் என்பது அனுபவம். முதல் பாதி தாங்குவார்கள். கடைசி இருபது நிமிடம் தாங்காது."

மகள் சிரிக்கவில்லை.

"அம்மா எங்கப்பா? அடிபட்ட புள்ளைகளுக்கு யாரு கஞ்சி காச்சிக் குடுப்பான்னு இந்நேரம் கேட்டிருப்பாளே."

"அவ தூங்குதா மக்கா."

"போன வாரமும் தூங்குனா. அதுக்கு முந்துன வாரம் கோயிலுக்குப் போயிருந்தா. மூணாவது பத்திய மறைக்கீங்க. படிங்க."

மூன்று வாரத்துக்கு முன் மனைவிக்கு மூளையில் ரத்தக் கசிவு. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மகள் அங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருந்தாள். முடிவு வருமுன் வெளியேறினால் கையிலிருக்கும் இடைக்கால விசா போய்விடும். விதியை மூன்று முறை படித்துவிட்டுத்தான் மறைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பின்தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கயே தங்குற அனுமதி போன மாசமே கெடச்சிட்டுப்பா. நேர்ல வந்து அம்மாகிட்ட காட்டணும்னு சொல்லாம இருந்தேன்."

விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். நிலுவையின் நிலையைக் கேட்காமல் குறிப்பு எழுதிய குமாஸ்தாக்களுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன்.

அவள் மறுநாளே விமானம் ஏறினாள். மனைவி திங்கள் விடியுமுன் போய்விட்டாள். மகள் அன்று மாலை மதுரையில் இறங்கி, கார் பிடித்து வந்து சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மேசையில் அந்தக் குறிப்பைக் கண்டெடுத்தாள்.

"வேல்ஸ் என்னப்பா ஆச்சு?"

"நான் பாக்கல மக்கா."

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். பொருள், பார்வை, இரண்டு பத்தி. "ஆணைக்காகப் பணிந்து" வரை வந்து நிறுத்தினாள். அவள் அம்மா கீரை ஆயும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.