வற்றிய கிணற்றில் கிடந்த எல்லைக்கல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே, மலையடியில் இருந்தது எங்கள் மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. கொல்லைக்கும் மலைக்கும் நடுவே ஒரு துண்டு காப்புக்காடு. காரைமுள், சூரைமுள், புதருக்குப் புதர் ஓடும் கவுதாரி. மலையின் மறுபக்கத்தைக் கல்குவாரி முதலாளி ஒருவர் தின்றுகொண்டிருந்தார். மத்தியானமானால் வெடி. ஒரு கோடையில் எங்கள் கிணற்றின் அடிப்பாறை பிளந்தது. இருந்த தண்ணீரெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பிளவுக்குள் இறங்கிப் போனது.

அப்பா இல்லாத வீடு. அம்மாதான் முதலாளியிடம் போய்க் கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

“கெணத்துல தண்ணி பூடுச்சுங்க மொதலாளி. பயிரு காயுது.”

அவர் வெற்றிலையைத் துப்பினார். “பேஜாரு பண்ணாதம்மா. இங்க வந்து அழுவுறத அங்க குனிஞ்சி அழுதா, கெணறு ரொம்பிடும்.”

கல்லேற்றிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அம்மா அழவேயில்லை. அழாதவளை அழுதவளாக்கிச் சிரித்த அந்தச் சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டேன். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அடுத்து எங்கள் பக்கத்து மலைமுகமும் அவருக்கு வேண்டியிருந்தது. அது போனால் கொல்லையும் போகும். ஆனால் லாரி வரப் பாதை வேண்டும். பாதை காப்புக்காட்டுக்குள்தான் போயாக வேண்டும். எண்பதில் வந்த வனச் சட்டம் குறுக்கே நின்றது. காப்புக்காட்டில் ஒரு சாண் இடத்தை வேறு வேலைக்கு விடுவதென்றாலும் டெல்லி சம்மதிக்க வேண்டும். வெறும் புறம்போக்கு என்றால் உள்ளூரிலேயே அனுமதி வாங்கிவிடலாம். காட்டைப் புறம்போக்காக்க அவர் ஒரு வழி கண்டார். எங்கள் கொல்லை மூலையில், காடு இங்கே தொடங்குகிறது என்று எண் செதுக்கி நட்டிருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கினார்.

அந்தக் கல் வெறும் சர்க்கார் கல்லாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மல்லாட்டை விதைக்கிற முதல் நாள் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். மலையையே ஜல்லியாக்கும் இயந்திரம் வைத்திருந்தவருக்கு, குங்குமம் வைத்த கல்லை அதில் போடக் கை வரவில்லை. பின்னமான சாமி சிலையைத் தண்ணீரில் விடுவதுபோல், கற்பூரம் ஏற்றிப் பக்கத்துக் கிணற்றில் இறக்கச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கிணறு எங்களுடையது. அவருடைய வெடி வற்றடித்த கிணறு.

காலையில் எட்டிப் பார்த்தேன். வெறும் பாறைமேல் மஞ்சளும் குங்குமமுமாக, கற்பூரம் எரிந்த கரியோடு கல் கிடந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இடத்தைப் பார்க்க வனத்துறை ரேஞ்சர் வந்தார். முதலாளி கையை வீசிக் காட்டினார். “கல்லே இல்லீங்க சார். காடு மலையோட முடிஞ்சிபோச்சி. இதெல்லாம் பொறம்போக்கு.”

நான் வரப்பில் நின்று குரல் கொடுத்தேன். “சார், எங்க கெணத்தக் கொஞ்சம் வந்து பாருங்க.”

முதலாளி குறுக்கே புகுந்தார். “பாழுங்கெணத்துல இன்னா சார் பாக்கறது? பாம்பு கீம்பு இருக்கும். ஜல்தி வாங்க, திண்டிவனத்துல சாப்பாடு ஆறிக்கினு இருக்குது.”

ரேஞ்சர் வந்தார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“கல்லுக்குக் கற்பூரம் காட்டிக் கெணத்துல போட்டது யாருய்யா?”

முதலாளியின் ஜீப் டிரைவர் பயபக்தியோடு முந்திக்கொண்டார். “சாமியாச்சே சார்! மிசின்ல போட மொதலாளிக்கு மனசே வரல.”

முதலாளியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்ததை ஆற அமரப் பார்த்தேன். எனக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. எத்தனையோ முகங்கள் மறந்துவிட்டன. அதை மறக்க மாட்டேன்.

காடு காடாகவே இருந்தது. டெல்லியைக் கேட்காமல் பாதை கிடையாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். கல்லைப் பிடுங்கியதற்கு வழக்கும் வரும் என்றார். முள்ளையும் கவுதாரியையும் காக்கச் சட்டம் இருந்தது. எங்கள் கிணற்றைக் காக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் திரும்பவேயில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி எங்கள் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“மாடு மேய்க்கிற பசங்க வெளையாட்டா தள்ளிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. கேஸ் ஆயிடும். உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்.”

அம்மா முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். “இன்னா சொன்னீங்க மொதலாளி? வெடி வெடிச்சி வெடிச்சிக் காது மந்தமாயிடுச்சி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

தெருவே திரும்பிப் பார்க்க அவர் சத்தமாகச் சொன்னார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னார். கைகூப்பியபடியே சொன்னார்.

அம்மாவின் காதில் ஒரு குறையும் கிடையாது.