பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு கிளாரினெட்

எங்கள் பேண்டு செட்டில் பாட்டின் மெட்டை ஏந்திச் செல்வது என் கிளாரினெட்தான். பரளச்சியில் ஒரு திருமண ஊர்வலம். முதல் தெருவைக் கடந்ததுமே மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“அண்ணே, ஒங்க பாட்டு பின்வரிசைக்கே வரல. அடுத்த தெருவுலயும் இப்படின்னா டிரம்பெட்டுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காதீக.”

“மாமா ஊதுறாகளா, சும்மா புடிச்சுக்கிட்டு வாறாகளா?” என்று சிரித்தார் டிரம்பெட்காரர்.

நெஞ்சு வலிக்க ஊதியவனுக்குச் சிரிப்பு எங்ஙனம் வரும்? என் வலப்புறம் பெரிய டிரம் முழங்குகிறது. தெரு என்றாலும் வீடுகள் எட்ட எட்டத்தான், இடையெல்லாம் கரிசல் வெளி. ஒலியைத் திருப்பித் தர அருகில் ஒரு சுவருமில்லை. நான் ஊதுவது என் செவிக்கே எட்டுவதில்லை. எட்டாமையால் மேலும் அழுத்துவேன். வாயிலுள்ள ரீடு, அந்த மெல்லிய நாணல் தகடு, கிறீச்சிடும்.

மணப்பெண் வீட்டார் என் மனைவிக்கு உறவு. ஊர்வலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த அவளிடம் ஓடிச்சென்று, என் பாட்டு கேட்டதா என்றேன்.

“சத்தம் கேட்டுச்சுங்க. ஆனா பாட்டா கேக்கல, லாரி ஆரன் கணக்கா இருந்துச்சு. மெதுவா ஊதுங்களேன்.”

“மெதுவா ஊதுனா எனக்கே கேக்காதே!”

“ஒங்களுக்கு எதுக்குக் கேக்கணும்? எங்களுக்குல்ல கேக்கணும். நான் முன்னால போயி தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறேன். பாட்டு கேட்டா இந்தப் பையத் தூக்கிக் காட்டுறேன்.”

இரண்டாம் தெருவில் உதட்டைத் தளர்த்தி, மூச்சைச் சீராக விட்டேன். டிரம்மைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. விரல்கள் துளைகளை மூடித் திறக்கின்றன. ஒலி எழுகிறதா என்பதற்குச் சான்றில்லை. தொலைவில், தண்ணீர்த் தொட்டியருகே அவள் தெரிந்தாள். பை உயரவில்லை. பாதித் தெரு கடந்தது. பை உயரவில்லை. ஓங்கி ஊதிவிடு என்று நெஞ்சு உந்தியது. பல்லைக் கடித்து அடக்கவும் வழியில்லை, வாயில் கிளாரினெட். மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் மானம் இத்தெருவோடு முடிந்தது என்றே எண்ணினேன். ஆயினும் மூச்சை மாற்றவில்லை.

தொட்டியருகே பாட்டு முடிந்தது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த பாட்டையும் நீங்களே எடுங்கண்ணே,” என்றார். டிரம்பெட்காரர் உள்ளே தேங்கிய எச்சில் வடியட்டும் என்று தம் கருவியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

என் படபடப்பு தணியவில்லை. நேரே மனைவியிடம் சென்றேன். “பையத் தூக்கவே இல்லையே?”

தோளில் தொங்கிய பையை அப்போதுதான் அவள் பார்த்தாள். “அட, பாட்டக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேங்க. இதுல பை நெனப்பு எங்க வரும்?”

மறுமொழி கூறுவதற்குள் பெரிய டிரம் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் அதன் பக்கத்தில் நின்றேன். எனக்கு மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை.