மாதவன் வைத்த சத்தம்

என் தம்பி மாதவன் சினிமாவுக்கு ஒலி கலக்கும் வேலை கற்றவன். எங்கள் குடும்பத்தில் சென்னைக்குப் போய்த் தொழில் கற்ற முதல் ஆள் அவன்தான்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் சோமனூரில் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில் குடியிருந்தோம். என்னைச் சின்ன வயதிலேயே திருப்பூரில் சித்தி வீட்டில் விட்டுப் பனியன் கம்பெனியில் சேர்த்தார்கள். மாதவன் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தான், தறியும் ஓட்டினான். தறி நின்றால்தான் அவனுக்கு விழிப்பு வரும்.

2006இல் தரணி என்பவர் தறித் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தியேட்டரில் ஓடும் படத்துக்கு மாதவன் தனியாக ஒலி கலந்தது அதுதான் முதல்முறை. அதில் வெகுகாலமாகத் தறி ஓட்டும் செல்லத்தாய் என்ற அம்மா, தறிப் பட்டையில் தாவணி சிக்கி இறந்த மகளைப் பற்றிப் பேசுவார். மற்ற நேரம் தெருவுக்கே கேட்கப் பேசுகிறவருக்கு, மகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

"அந்தம்மா குரல் எப்படியோ அப்படியே வரணும்க்கா. அது ஒண்ணு போதும்" என்றான்.

ஸ்டூடியோ ஸ்பீக்கரின் குமிழைத் தியேட்டரில் உள்ளதுபோல ஏழாம் எண்ணில் நிறுத்திவிட்டு, அப்புறம் அதைத் தொடக்கூடாதாம். எந்தக் குரல் எவ்வளவு சத்தம் என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டுமாம்.

"சத்தத்த அளக்கற மீட்டர்ல முள்ளு ரொம்ப மேல நிக்குதுன்னு அசிஸ்டென்ட் சொன்னான். காதுக்குச் சரியா இருந்துச்சு, விட்டுட்டேன்."

தரணியும் சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவருக்கும் சரியாகவே பட்டிருக்கிறது.

திருப்பூரில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாகப் போட்டார்கள். திரையில் செல்லத்தாய் வாயைத் திறந்ததும் குழாயடிச் சண்டைபோல் குரல் பாய்ந்தது. 'ச' வந்த இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது.

"ஏனுங்க, அந்தம்மா யாரு கூடச் சண்டை போடுது?" என்றார் பின்னால் ஒருவர். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த செல்லத்தாய் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

எதையும் கவனிக்காமல் திரையிலேயே மூழ்கியிருந்த மாதவன் கண் கலங்க என் பக்கம் திரும்பினான். "நல்லா வந்திருக்குல்லக்கா?" அப்போதுதான் என் கைகள் காதைப் பொத்தியிருந்ததைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

ஆபரேட்டர் அப்புசாமி ஓடி வந்தார். "தம்பி, ஏழுல வெக்கச் சொன்னீங்க, வெச்சேன். காது கிழியுதுன்னு ஆளுக எந்திரிக்கறாங்க. கொறைக்கட்டுங்களா?"

"கொறைங்க."

குறைத்தபின் எங்களுக்குச் சரியாகக் கேட்டது. அவன் திரையில் அசைந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தறிச் சத்தம் அவன் காது நரம்பைத் தின்றுவிட்டது, போன செவித்திறன் இனித் திரும்பாது என்றார் டாக்டர். மாதவன் தன் நண்பன் ஆரோக்கியராஜை வைத்து முழுப் படத்துக்கும் மறுபடி ஒலி கலக்கச் செய்தான். தன் பெயரை எடுக்கச் சொன்னான்.

"ஒரு வருசம் உழைச்சிருக்க. பேரு இருக்கட்டும்டா."

"அந்தம்மாவை ஊர் முன்னால கத்த வச்சவன் பேரு எதுக்குக்கா?"

மன்னிப்புக் கேட்கச் செல்லத்தாய் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவர் காபி கொடுத்துவிட்டு அவனைக் கேட்டார்: "எம்புள்ள செத்ததச் சொன்னா எதுக்குய்யா சிரிச்சாக?"

"நான் சத்தத்த ரொம்பக் கூட வச்சிட்டேம்மா" என்று அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னான்.

"கூடவா? எனக்குச் சரியாத்தானய்யா கேட்டுச்சு."

மாதவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு அவன் எந்தப் படத்துக்கும் ஒலி கலக்கவில்லை.