சத்வா மார்க்கண்டுவும் ஒரு ஹாக்கி அட்டையும்

துபாயின் சத்வா பகுதியில், தையற்கடைகளுக்கு இடையே நெய்னா முகம்மதுவின் கடை இருக்கிறது. பழைய நாணயம், தபால் தலை, விளையாட்டு வீரர் படம் அச்சிட்ட அட்டை ஆகியவற்றை வாங்கி விற்கும் கடை அது. அதன் பின்புறத்தில், சன்னல் இல்லாத சிறு அறையில், பன்னிரண்டு ஆண்டுகளாக மார்க்கண்டு உட்கார்ந்திருக்கிறார். வயது அறுபத்து மூன்று. ஊர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். துபாயில் வேலை பார்க்கும் கனடாக்காரர்கள் கொண்டுவரும் ஐஸ் ஹாக்கி அட்டைகளை மதிப்பிடுவது அவர் வேலை.

அதற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு வண்ணப்பட அச்சுக்கூடத்தில் இருந்தார். அங்கே பழகிய கண் இங்கே சோறு போடுகிறது. ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக்கூட அவர் முழுமையாகப் பார்த்ததில்லை.

“பனியைக் கண்ணால கண்டதில்ல, பனிக்கட்டி விளையாட்டுக்கு அண்ணன்தான் ஜட்ஜு” என்பார் நெய்னா முகம்மது.

“நீங்கள் ஜட்ஜுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கோ முதலாளி, பிறகு பனியைப் பாப்பம்” என்று மார்க்கண்டு தலை நிமிராமலே பதில் சொல்வார்.

ஒரு வீரர் ஆடத் தொடங்கிய முதல் பருவத்தில் அச்சான அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம். அதை ரூக்கி கார்டு என்கிறார்கள். மார்க்கண்டு முதலில் அதை உறையோடு அரை மணி நேரம் மேசையில் கிடத்துவார். வெளி வெக்கையிலிருந்து குளிர் அறைக்கு வந்த அட்டையை உடனே திறந்தால் ஈரம் படியும். பிறகு பருத்திக் கையுறை. நான்கு ஓரங்களின் வெள்ளை விளிம்பை அளவுகோலால் அளப்பார். மூலைகளை உருப்பெருக்கியில் பார்ப்பார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பில் கீறல் தேடுவார். கடைசியில் எழுத்துகளைப் பார்ப்பார்: அசலில் கறுப்பு எழுத்து திண்ணமாக இருக்கும், போலியில் புள்ளிபுள்ளியாகப் பிரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவார். மாலைக்குள் கண் எரியத் தொடங்கிவிடும்.

சென்ற ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பிற்பகல் ரெங்கராஜ் என்பவர் வந்தார். அரியலூர்ப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்து நான்கு, சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிச் சாரம் கட்டும் வேலை செய்பவர். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொதியொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்கண்ணே. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிரவான்னு செவ்வாக்கிழமை கம்பெனிக்குச் சொல்லணும். இத வச்சுத்தான் முடிவு. முழங்காலு போச்சு. சாரத்துல ஏற முடியல.”

“ஆர் தந்தது?”

“எங்க சைட்டுல இருந்த கனடா இன்ஜினியரு. ஒம்போது வருஷமாச்சு. ஒரேடியா கெளம்புன அன்னைக்குக் கையில குடுத்து, ‘பத்திரமா வச்சுக்க, ஒருநாள் இது உன்ன வீட்டுக்கு அனுப்பும்’னாரு.”

கைக்குட்டையை அவரே பிரித்தார். எண்பதுகளில் அச்சான, ஒரு கோல் காப்பாளரின் ரூக்கி கார்டு. அதன் இரு பக்கமும் கண்ணாடிபோன்ற நெகிழித் தாள், விளிம்பு வரை உருகி ஒட்டியிருந்தது.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த நெய்னா முகம்மது தலையில் கை வைத்தார். “அடப்பாவி, லேமினேட் பண்ணிட்டியா?”

“அன்னைக்கே பண்ணிட்டேன் பாய்” என்றார் ரெங்கராஜ் பெருமையாக. “லேபர் கார்டு காப்பி, மக மார்க்ஷீட்டு எல்லாமே அப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது.”

அவர்மீது பிழை சொல்ல முடியாது. பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், ஒழுகும் ஏசியின் கீழ், வியர்வைக்கும் தூசிக்கும் தப்ப வேண்டிய எதையும் வளைகுடாத் தொழிலாளி அப்படித்தான் காப்பாற்றுகிறான். பத்திரமாக வைக்கச் சொன்ன பொறியாளர், எப்படி என்று சொல்லவில்லை.

அட்டையின் விலை போய்விட்டதை மார்க்கண்டு கண்டவுடனே அறிந்துகொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனாலும் கையுறையை மாட்டினார். அளந்தார், விளக்கைச் சாய்த்தார், எழுத்துகளைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. ரெங்கராஜ் எதிரே கைகட்டி நின்றார்; உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“இஞ்ச பாருங்கோ தம்பி. அட்டை அசல்தான். ஆனா இந்தப் பிளாஸ்டிக் சூட்டில உருகி அட்டையோட பிடிச்சிட்டுது. உரிச்சா படமும் சேந்து வரும். இப்பிடியே வித்தா முந்நூறு திர்ஹம் வரலாம். அதுவும் ஆரும் விரும்பினால்தான்.”

“பிளேடு வச்சு மெதுவா எடுத்தா?”

“ரெண்டு அட்டையில செய்து பாத்தனான். ரெண்டும் குப்பைக்குத்தான் போனது.”

ரெங்கராஜ் அட்டையை எடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இத பண்ணாம இருந்திருந்தா?”

அவருக்குப் பின்னால் நின்ற நெய்னா முகம்மது வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். மார்க்கண்டுவுக்கும் அது புரிந்தது. மூலை மழுங்கியிருந்தது, எப்படியும் பெரிதாகப் போயிருக்காது என்று சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி, வேறு மாதிரி சொல்லும் தெம்பும் போயிருந்தது.

“நாலு மூலையும் கத்தி மாதிரி நிக்குது. படம் அச்சொட்டா நடுவில. இப்பிடி நிக்கிற அட்டை நான் பாத்ததுக்குள்ள இது மூண்டாவது. முப்பதாயிரத்துக்குக் குறையாது.”

ரெங்கராஜ் மூச்சை இழுத்துவிட்டார். “அப்ப அந்தாளு பொய் சொல்லல” என்றார். “பக்ஷீஸ் காசு குடுக்க மனசில்லாம பொம்மப் படத்தக் குடுத்துட்டுப் போயிட்டான்னு கேம்ப்ல ஒம்போது வருஷமா ஓட்டுறானுங்கண்ணே. நீங்க சொன்னத அப்படியே தாள்ல எழுதிக் குடுங்க. கட்டிலுக்கு மேல ஒட்டி வைக்கிறேன்.”

மார்க்கண்டு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

“அதையும் மெஷின்ல குடுத்துராதப்பா” என்றார் நெய்னா முகம்மது.

“இதப் பண்ணலாம்ல பாய்?”

“இதப் பண்ணலாம்.”

மூவரும் சிரித்தனர். ரெங்கராஜ் கூலியைப் பற்றிக் கேட்டார். நெய்னா முகம்மது கையை அசைத்து மறுத்தார். வாசற்படியில் நின்று ரெங்கராஜ் கம்பெனி ஆளிடம் தொலைபேசியில் இந்தியில் பேசியது உள்ளே கேட்டது.

“ஹலோ பாய், ரினியூ. ஹாங், தோ சால்.” இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொன்னார். மறுமுனையில் முழங்காலைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும்; நன்றாகவே இருக்கிறது என்றார். “டீக் ஹே பாய். ஏக்தம் டீக் ஹே.”

படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி அவர் இறங்கிப் போனார்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் காலையில் விட்டுச்சென்ற மூன்று அட்டைகள் மேசையில் மீதியிருந்தன. மார்க்கண்டு விளக்கை அணைத்தார்.

“நாளைக்குப் பாக்கிறன் முதலாளி.”

மணி நான்குகூட ஆகவில்லை. நெய்னா முகம்மது அறைக் கதவைச் சாத்தினார்.