வெறுங்காலோடு ஏறும் கார்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த சுரங்க ஆபரேட்டரிடம், ஊர் திரும்பிய ஜெர்மன் இன்ஜினியர் விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. நிலக்கரித் தூசி ஒட்டக்கூடாதென்று பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். அருகிலேயே நின்ற என் புதுக் காரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை; அதில் எனக்கு அவர்மேல் கோபம்.

ஒரு புயலில் தூங்குமூஞ்சி மரம் அந்தச் சிவப்புக் கார்மேல் சாய்ந்தது.

“பார்ட்ஸே கிடைக்காதுங்க. இன்சூரன்ஸ் பணத்த வாங்கிகினு வண்டிய விட்டுடுங்க,” என்றார் சேதம் பார்க்க வந்த சர்வேயர். எனக்கு உள்ளூர நிம்மதி.

“பணத்து மேல ஏறி ரவுண்டு போவ முடியுங்களா?” என்றார் ஆபரேட்டர்.

ஒர்க்‌ஷாப் நண்பர்களோடு கூரையைத் தட்டித் தட்டியே நிமிர்த்தினார். பொங்கலன்று என் வாசலில் ஹாரன் கேட்டது.

“ஏறுங்க சார், ஒரு ரவுண்டு!”

மறுக்கத்தான் வெளியே வந்தேன். கார்க் கதவருகே போனதும் என் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றின. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.