பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதிவு எழுதும் சுபாஜினியைப் பற்றி யாராவது எழுதியாக வேண்டும். வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்ததால் நான் எழுதுகிறேன். என் பெயர் இராமையா. அதே டிஸ்பென்சரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவன். அவளுக்கு வந்த வினையில் பாதி என் கையால் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம். சுபாஜினி பிறந்து வளர்ந்தது கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடுகளில், ஆறாம் காம்பராவில். அப்பா மாடசாமி, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் உயர்தர வகுப்பு வரை படித்தாள். பிறகு பதுளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு. இருபத்து நான்கு வயதில் எங்களோடு வந்து சேர்ந்தாள். ஐந்து வருடம் கழித்தும் தற்காலிகம்தான். வருகிற தை மாதம் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடே நின்றது.

வேலையில் அவளிடம் ஒரே ஒரு குறை. எழுத்து குண்டு குண்டாக இருக்கும். எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. "ஒன் எழுத்துக்கு ஒரு கார்டு பத்தாது புள்ள, ரெண்டு வேணும்" என்று பிரசவம் பார்க்கும் மருத்துவமாது லெட்சுமி அக்கா சலித்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, கர்ப்பிணிகளின் கிளினிக் நாள் எல்லாவற்றையும் அவள்தான் அதில் ஏற்றிவைத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வயது. அதற்குள் ஓடுகிற மென்பொருளைச் செய்த கம்பனியே அதைக் கைகழுவி வருடக்கணக்காகிறது. பழுது பார்க்கப் பதுளையிலிருந்து வருகிற முஷ்ரிபா மிஸ், பஜாரில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஸமீம் முதலாளியின் மகள், முதல் நாளே அதைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இதுல ஓட்ட ஈக்கி மிஸ். மெமரியில. செஞ்சவங்களே இனி அடைக்க மாட்டாங்க. ஒங்கட ஆபீஸ் நெட் வயர மட்டும் இதுல மாட்டிடாதீங்க, அல்லாவுக்காக" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டை என்றால் எங்கே என்று கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தேன். சுபாஜினிதான் சிரித்துவிட்டு விளக்கினாள்.

"எங்கப்பாவோட செக்ரோல் புக்க நெனச்சுக்கோங்க அண்ணே. பேர் எழுத ஒரு கட்டம். பக்கத்துக் கட்டத்துல நாளைக்கு எந்த மலைக்கு வேலைக்குப் போகணும்னு இருக்கும். எவனோ ஒருத்தன் வேணும்னே முழ நீளத்துக்கு ஒரு பேரக் குடுக்குறான். எழுதுற ஆளு அளந்து பாக்காம எழுதுறாரு. பேரோட வாலு பக்கத்துக் கட்டத்துல போய் விழுந்துருது. காலையில பெரட்டுல ஆளுங்கள நிறுத்தி அதப் படிக்கிறவரு, எழுதியிருக்குறது உத்தரவுன்னு நெனச்சு அதையே சொல்லிருவாரு. இந்தக் கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். வெளியிலருந்து எவனாச்சும் நீளமா எதையாச்சும் அனுப்புனா, அளக்காம வாங்கி, வழிஞ்சத உத்தரவுன்னு எடுத்துக்கும். நாம எதையும் தொடவே வேணாம்."

அன்றைக்கே முஷ்ரிபா மிஸ் நெட் வயரைப் பிடுங்கி மேசைக்குப் பின்னால் செருகினார். வயர் மாட்டும் துளையை அடைக்க என்னிடம்தான் பிளாஸ்டர் கேட்டார். நல்ல அகலப் பிளாஸ்டராக வெட்டிக் கொடுத்தேன். அதன் மேல் பேனாவால் 'மாட்டக் கூடாது' என்று எழுதினார். அதற்குப் பிறகு சுபாஜினி வாராந்த அறிக்கையைப் பென்டிரைவில் போட்டு, மழையோ வெயிலோ, ஆபீசுக்கு நடந்தே கொண்டுபோனாள். புதிய கம்ப்யூட்டர் கேட்டுக் கொழும்பு அலுவலகத்துக்குக் கடிதமும் போட்டாள். ஒன்றல்ல, ஏழு. ஏழும் கோட்டுக்குள் நின்று, பணிவாக, 'தயவுடன்' என்று தொடங்கிய கடிதங்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போனது. சென்ற ஆயுத பூசை வந்தது.

தொழிற்சாலையில் ரோதை, இயந்திரத்துக்கெல்லாம் பூசை நடக்கும்போது டிஸ்பென்சரி மட்டும் சும்மா இருப்பதா? சுபாஜினி அன்று கோயில் வேலைக்குப் போயிருந்தாள். நான் தனியாக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன். கத்தரிக்கோலுக்குச் சந்தனம், தராசுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் பொட்டும் மாலையும். அதன் முதுகைத் துடைக்கும்போது ஓர் அழுக்குப் பிளாஸ்டர் கண்ணில் பட்டது. மை எல்லாம் அழிந்து, ஓரம் கறுத்துச் சுருண்டு கிடந்தது. நானே வெட்டிக் கொடுத்தது என்ற நினைவே வரவில்லை. இருபது வருடமாகக் காயம் கட்டுகிறவன் நான். அழுக்குப் பிளாஸ்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது. உரித்து எறிந்துவிட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பூசை முடிந்து எல்லா வயரையும் திரும்ப மாட்டும்போது மேசைக்குப் பின்னால் ஒரு வயர் அநாதையாகத் தொங்கியது. கம்ப்யூட்டரில் ஒரு துளை வெறுமையாக இருந்தது. நல்ல நாளில் ஒன்றும் தொங்கிக்கொண்டு இருக்கக் கூடாது என்று அதையும் மாட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது அப்படித்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளினிக். சுபாஜினி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வெளியே தாய்மாருக்கு இலக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. காசு கேட்டு ஓர் ஆங்கில அறிவிப்பு. பிள்ளைகளின் பதிவு ஒன்றும் திறக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தாள். நான் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"நான்தான் புள்ள மாட்டுனேன்" என்றேன்.

"தெரியாமத்தானே அண்ணே செஞ்சீங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முஷ்ரிபா மிஸ் மறுநாளே வந்து பார்த்தார். ஆபீசில் யாரோ கொண்டுவந்த மடிக்கணினியில் ஏற்கனவே அந்த வைரஸ் கிருமி இருந்திருக்கிறது. வயர் வழியாக இங்கே வந்து, அந்தப் பழைய ஓட்டைக்குள் புகுந்துவிட்டது. யாரும் எதையும் திறந்து நடந்ததில்லை என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.

அதை யார் படித்தார்கள்? கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாகக் கேட்ட முதல் கேள்வி, "எதை கிளிக் பண்ணினீங்க?"

"நான் எதையும் கிளிக் பண்ணல சேர்."

"கிளிக் பண்ணாம எப்படி வரும்? பேஸ்புக் பார்த்தீங்களா?"

நான் குறுக்கே போய், "சேர், நெட் வயர நான்தான் மாட்டுனேன். ஆயுத பூசைக்கு" என்றேன்.

"வயரைப் பத்தி ஒங்ககிட்ட யாரு கேட்டா? யாரு கிளிக் பண்ணினதுன்னுதான் கேக்கிறேன்."

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனை விரட்டிவிட்டு, குற்றம் செய்யாதவளைப் பிடித்துக்கொண்ட விசாரணையை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கையிலிருந்த படிவத்தில் 'எந்தக் கோப்பைத் திறந்தபோது நடந்தது' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே 'விசாரணை முடிவு' என்று இன்னொரு கட்டம், அடியில் கையெழுத்து. வயர் மாட்டியவனுக்கு அதில் இடமே இல்லை. "முதல் கட்டத்தை நீங்க நிரப்பிவைங்க. தற்காலிக ஆள்தானே, முடிவை நான் எழுதிக்கொள்றேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத் துரையின் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

என்ன முடிவு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தை மாதம் கனவாகப் போனது.

சுபாஜினி பேனாவை எடுத்தாள். கோபத்தில் எழுத்து இன்னும் குண்டானது. நான் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை, ஏழு கடிதம் எழுதினேன், யாரும் தொடாமலே கெடக்கூடிய கம்ப்யூட்டர் இது என்று எழுதிக்கொண்டே போனாள். இரண்டு விரல் உயரக் கட்டம் எப்போதோ நிரம்பிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. 'ஆகவே பதிவாளர்' என்ற சொல்லோடு மேல் கட்டம் முடிந்தது. மிச்சம் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, அடுத்த கட்டத்தையும் விளிம்பு வரை நிரப்பியது.

அதிகாரி திரும்பி வந்தபோது மழை பிடித்துவிட்டது. பாதையில் மண் சரிந்தால் இன்றைக்குப் போக முடியாது என்று சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அதிகாரி நின்ற நிலையில் அடியில் கையெழுத்தையும் முத்திரையையும் வைத்து, "மிச்சத்தை ஆபீஸ்ல பார்த்துக்கொள்றேன்" என்று படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்.

ஒன்றரை மாதம் தூக்கமில்லை. மார்கழி நடுவில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. சுபாஜினி பிரித்து வாசித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். தட்டச்சில் இப்படி இருந்தது: 'விசாரணை முடிவு பின்வருமாறு. மேல் பிழை இல்லை. இந்தக் கம்ப்யூட்டரை உடனே அகற்றிப் புதியது தர வேண்டும். இனியாவது கடிதங்களுக்குப் பதில் போடவும். மேற்படி முடிவை உடன் நிறைவேற்றுக.' கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்து, முத்திரை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"ஒழுங்கா எழுதுன ஏழு கடிதத்த ஒருத்தரும் படிக்கல அண்ணே. கோட்டத் தாண்டி வழிஞ்சத உத்தரவுன்னு எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கம்ப்யூட்டர் மட்டுமா பழசு?"

புதிய கம்ப்யூட்டர் வந்தது. தையில் வேலையும் நிரந்தரமானது. ஆனால் போன பதிவு போனதுதான். இப்போது சுபாஜினி பின்னேரங்களில் லயம் லயமாக ஏறி இறங்குகிறாள். தாய்மார் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பிள்ளைக் கார்டுகளை வாங்கி, ஐந்து வருட வேலையை முதலிலிருந்து எழுதுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பாதிகூட முடியவில்லை.

பழையதை அகற்றச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, அகற்றினார்கள். நேற்றுத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போனேன். அது அங்கே மேசையில் உட்கார்ந்திருக்கிறது. கிருமியை மட்டும் நீக்கி ஓட விட்டிருக்கிறார்கள், அதே மென்பொருள், முதுகில் நெட் வயர். நான் வைத்த பொட்டுக்கூட அழியவில்லை.

இந்த முறையும் நான் யாரிடமும் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டிஸ்பென்சரியில் பஞ்சுப் பெட்டிக்குள் இருக்கிறது. கேட்டுக்கொண்டு வரட்டும், படிவத்தையும் கொண்டு வரட்டும்.