மோட்டார் போகக்கூடாத பாதை

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கூட்டாளிகள் எங்கள் ஐந்து பேரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது. மூளைதான் ஒருத்தனிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சேறு தெறிக்கக் காட்டுப் பாதையில் ஏறுவோம். பாதை முடியும் இடத்தில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மேட்டு டிவிஷன் இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அந்த நிலம் அரசாங்கக் காட்டோடு சேர்ந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைப் பிரித்தார்கள், நாங்கள் டவுனுக்கு இறங்கினோம். மாரியம்மன் கல் மட்டும் அங்கேயே நின்றது.

மரு, கட்டி, சொறி என்று எது வந்தாலும் அந்தக் கல்லின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுவது எங்கள் ஆள்களின் வழக்கம். டவுனுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. ஆளாளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கொட்டிய உப்பு மழையில் கரைந்து மண்ணில் ஊறியது. மானும் காட்டெருமையும் வந்து அந்த மண்ணை நக்கின. குளம்புத் தடங்களைப் பார்த்து, "ஆத்தா வீட்டு மாடுலா" என்று சிரிப்போம்.

என் மோட்டாரில் எப்போதும் அக்கா உட்கார்ந்து வருவாள். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போவதே பெரும்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் தவறமாட்டாள். அவளுடைய ஒரே பிள்ளை, இரண்டு வயது மகள், நாங்கள் லயத்தில் இருந்தபோது அம்மை கண்டு போய்விட்டது. கல்லுக்குப் பின்னால்தான் புதைத்தோம். பிழைத்தால் உப்பு கொட்டுவதாக அக்கா வேண்டியிருந்தாள். பிழைக்கவில்லை, இருந்தும் கொட்டினாள்.

"இன்னும் எதுக்குக்கா இது?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆத்தா செஞ்சது அவளோடது. நான் சொன்னது என்னோடதுடா," என்றாள்.

பிறகு பின்பக்கம் போய்ப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் தள்ளி நின்று சிகரெட் பிடிப்பேன். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சீன வாத்தியார் வந்தார். காட்டு மிருகங்கள் எங்கே மேய்கின்றன, எங்கே தங்குகின்றன, மோட்டார் சத்தத்துக்கு மிரண்டு ஓடுகின்றனவா என்று ஆராய்ச்சி. நல்ல மனிதர். காப்பிக் கடையில் எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மேலே அழைத்துப் போக முடியுமா என்று மலாயில் கேட்டார். என்னவோ பெரிய ஆள் மாதிரி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அரசாங்கக் காட்டில் யாரையும் கேட்காமல் சாமி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைத்துப் போட மாட்டார்களா?

"ஒளிச்சி வச்சிறலாம் மச்சான். அவரு போனதும் திரும்ப வச்சிக்கலாம்லா," என்றான் ஒருத்தன்.

சனிக்கிழமை ஐந்து பேரும் போனோம். அம்மன் கல்லைப் புதருக்குள் உருட்டினோம். சூலத்தைப் பிடுங்கினோம், மஞ்சள் துணியைச் சுருட்டினோம். பின்பக்கம் கிடந்த சின்னக் கற்களைக் கூட்டாளிகள் ஓடையில் வீசினார்கள். அதில் பிள்ளையின் தலைமாட்டுக் கல்லும் இருந்தது. பார்த்துக்கொண்டே சும்மா நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் வாத்தியார் மண்டி போட்டுக் குளம்புத் தடங்களில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்தார். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். இங்கே மட்டும் ஏன் இத்தனை மிருகம் என்று கேட்டார்.

"தானா மாசின், துவான்," என்றேன். இயற்கையிலேயே உப்பு மண், ஐயா.

"இங்கே ஏதாவது வழிபாடு உண்டா? நீங்கள் எதற்காக வருகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை. சும்மா, மோட்டார் ஓட்டத்தான்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தோம், ஓடையில் போனதைத் தவிர. அடுத்த வெள்ளி அக்கா, "கல்லு எங்கடா?" என்றாள். மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். "போனா போவுது. எம்புள்ள எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, நேராகப் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் எழுதிக் கொடுத்ததை வைத்து, சில மாதத்தில் பாதைக்கு இரும்புக் கேட் வந்தது. மிருகங்கள் கூடும் இடம், மோட்டார் வண்டி போகக்கூடாது, நடந்து போகலாம் என்று பலகை. நல்ல காலுக்கே ஒன்றரை மணி நேர ஏற்றம். ஈப்போவுக்குப் போய்க் காட்டு இலாகா அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: "அன்றைக்கே சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு வண்டியை விடச் சொல்லி வாத்தியார் எழுதியிருப்பார். கேட்டும் இருக்கிறாரே. பொழுதுபோக்குக்கு வருகிறோம் என்று நீதானே சொன்னாய்?" அவரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அவர் மேல் என்ன தப்பு?

அக்கா ஒரு தடவை நடந்து பார்த்தாள். முதல் வளைவிலேயே விழுந்தாள். தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதன் பிறகு போகலாம் என்று அவள் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசலை வெறித்தபடி இருப்பாள். அவளுக்காக நான் இரண்டு மூன்று தடவை உப்பு கொண்டுபோனேன். பிறகு ஓவர்டைம், கல்யாணம் என்று அதுவும் நின்றது. உப்பு நின்றதால் மிருகங்களும் வருவதை விட்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் அக்கா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழ மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். என் கையைப் பிடித்து, "எம்புள்ள மேல இருக்கற மண்ணு ஒரு புடி எடுத்துட்டு வாடா. நான் போறப்போ கையில இருக்கட்டும்," என்றாள்.

நடந்தே ஏறினேன். அம்மன் கல் இருந்தது. அதற்குப் பின்னால் லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அக்கா உட்காரும் இடம் எது? கல்லிலிருந்து ஐந்தடியா, பத்தடியா? இத்தனை வருடம் அவளைக் கொண்டுவந்து விட்டவன், ஒரு நாள் கூடப் பக்கத்தில் போய் நின்றதில்லையே. நான்கைந்து இடத்தில் கையால் தோண்டினேன். கடைசியில், ஐயோ என்று அழுதுகொண்டே, ஓடைக்கரையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன்.

அக்கா அதை வாங்கி விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "என்னடா, இவ்ளோ ஈரமா இருக்கு?" என்றாள். "புள்ளைக்குச் சளி புடிக்குமே."